உறவு மாற்றமும் கதைத் தொடர்ச்சியும்: ‘ஸ்டார் வார்ஸ்’ திரைத்தொடரில் பின்னோக்குத் திருத்தம்

ஆய்வுச் சுருக்கம்

பல்லாண்டுகள் நீளும் அறிவியல் புனைகதைத் தொடர்களில், பின்னர் வரும் பகுதி முன்னைய பகுதியின் செய்திகளை மாற்றிப் பொருள்கொள்ளச் செய்வது இயல்பாக நிகழ்கிறது. 1977ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஸ்டார் வார்ஸ்’ தொடரில் இம்மாற்றம் பெரும்பாலும் குடும்ப உறவுகளின் வழியாகவே நடைபெற்றுள்ளது. தந்தை, உடன்பிறந்தவள், தாய், சிற்றப்பன், பாட்டன் ஆகிய உறவுகள் தொடரின் வெவ்வேறு காலங்களில் புதிதாக அமைக்கப்பட்டன அல்லது மாற்றப்பட்டன. அவற்றுள் சில கதையோடு ஒட்டின; சில ஒட்டவில்லை. இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைகதை, பின்னோக்குத் திருத்தம், உறவுமுறை, மாறுகொளக் கூறல், மூலபாடம்.

முன்னுரை

ஒரு நூலின் முற்பகுதியும் பிற்பகுதியும் தம்முள் முரண்படுவதை ‘மாறுகொளக் கூறல்’ என்னும் குற்றமாகத் தொல்காப்பியம் சுட்டுகிறது. நூலுக்குக் கூறப்பட்ட அவ்விலக்கணத்தைப் புனைகதைக்கு அவ்வாறே பொருத்துதல் இயலாது. எனினும், ஒரு கதை முன்பு கூறியதற்கு மாறாகப் பின்பு கூறும்போது வாசகர் அடையும் தடுமாற்றத்தைக் குறிக்க அச்சொல் பெரிதும் பயன்படுகிறது. முன்னைய செய்தியை நீக்காமல், அதற்குப் புதிய விளக்கம் தந்து முரணைக் களைய முயலும் உத்தியை ஆங்கிலத் திறனாய்வாளர் ‘ரெட்கான்’ என்பர். இக்கட்டுரையில் அது ‘பின்னோக்குத் திருத்தம்’ எனக் குறிக்கப்படுகிறது.

ஜார்ஜ் லூகாஸ் உருவாக்கிய ‘ஸ்டார் வார்ஸ்’ தொடரின் முதன்மைக் கதை 1977 முதல் 2019 வரை ஒன்பது திரைப்படங்களாக வெளிவந்தது. அவற்றோடு புதினங்கள், படக்கதைகள், தொலைக்காட்சித் தொடர்கள் எனப் பல கிளைகள் தோன்றின. அறிவியல் புனைகதையோடு வீரயுகக் கதைப் பண்புகளும் கலந்த இத்தொடரில், போர் நிகழ்ச்சிகளைவிட யார் யாருக்கு என்ன உறவு என்னும் வினாவே கதையை நடத்திச் செல்கிறது. அவ்வினாவுக்குத் தரப்பட்ட விடைகளோ ஒரே காலத்தில் திட்டமிடப்பட்டவை அல்ல.

1. 1977: தந்தை வேறு, பகைவன் வேறு

1977 மே 25 அன்று வெளியான முதல் படத்தில், லூக் ஸ்கைவாக்கர் பாலைநிலக் கோளொன்றில் ஓவன், பெரு தம்பதியரிடம் வளர்கிறான். தன் தந்தை வணிகக் கப்பலொன்றில் வழிகாட்டியாகப் பணியாற்றியவர் என்றே ஓவன் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அது உண்மையன்று என்றும், அவர் ஜெடை வீரர் என்றும், தம்மிடம் பயின்ற டார்த் வேடர் நெறிபிறழ்ந்து அவரைக் கொன்றான் என்றும் முதியவரான ஓபி-வான் கெனோபி கூறுகிறார்.

அப்படத்தை மட்டும் கொண்டு நோக்கினால், இக்கூற்றை ஐயுற இடமில்லை. இறுதிப் போரில் ஓபி-வான் தம் எதிரியை ‘டார்த்’ என்றே விளிக்கிறார். பிற்காலப் படங்களில் பட்டப்பெயராக மாறிய அச்சொல் அங்கு இயற்பெயர்போல் ஆளப்பட்டுள்ளது. தந்தையும் பகைவனும் இருவேறு மனிதர் என்னும் கருத்தே முதல் படத்தின் அடிப்படையாக இருந்தது என்பதற்கு இது அகச்சான்று.

புறச்சான்றும் உண்டு. இரண்டாம் படத்திற்கான முதல் திரைக்கதை வரைவை எழுத்தாளர் லீ பிராக்கெட் 1978ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதி முடித்தார். அதே ஆண்டு மார்ச்சில் மறைந்தார். அவ்வரைவில் லூக்கின் தந்தை டார்த் வேடரின் வேறான ஆவியுருவாகத் தோன்றி மகனோடு பேசுகிறார். ஆகவே, தந்தையையும் பகைவனையும் ஒருவராக்கும் முடிவு முதல் படம் வெளிவந்த பின்னர், லூகாஸ் வரைவைத் தாமே திருத்தி எழுதிய நிலையில் உருப்பெற்றது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

2. 1980: தந்தையே பகைவன்

1980இல் வெளியான ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தின் உச்சக் காட்சியில், தானே லூக்கின் தந்தை என டார்த் வேடர் வெளிப்படுத்துகிறான். இச்செய்தி வெளியில் கசியாதிருக்கப் படப்பிடிப்பில் வேறொரு வசனமே பேசப்பட்டது. ஓபி-வானே தந்தையைக் கொன்றார் என்பது அப்பொய் வசனத்தின் கருத்து. உண்மையான வசனம் பின்னர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸின் குரலில் சேர்க்கப்பட்டது.

இம்மாற்றம் முதல் படத்தின் ஒரு காட்சியையும் வெட்டவில்லை. ஆயினும் பல காட்சிகளின் பொருளை மாற்றியது. லூக் தன் தந்தையைப் பெரிதும் ஒத்திருக்கிறான் எனப் பெரு கூறும்போது, அதுவே தம் அச்சம் என ஓவன் விடையளிக்கிறார். 1977இல் இது, வளர்த்த பிள்ளை வீட்டைவிட்டுப் போருக்குப் போய்விடுவானோ என்னும் குடியானவரின் கவலை. 1980க்குப் பின், பிள்ளை கொடியவனாகிவிடுவானோ என்னும் பேரச்சமாக அது ஒலிக்கிறது. சொற்கள் அவையே, உறவு மாறியதால் பொருள் ஆழமாகிறது.

அதே வேளையில் ஒரு கடனும் ஏற்பட்டது. ஓபி-வான் கூறியது பொய் என்றாகிறது. நல்லாசானாகப் படைக்கப்பட்ட ஒருவரின் வாய்மையைக் காக்க வேண்டிய பொறுப்பு அடுத்த படத்தின் மேல் விழுந்தது.

3. 1983: பொய்க்கு ஒரு பொறுப்பாளர்

‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ (1983) இக்கடனை நேரடியாக எதிர்கொள்கிறது. தம்மை ஏன் ஏமாற்றினீர் என லூக் வினவ, ஆவியுருவாகத் தோன்றும் ஓபி-வான், நல்லவனாயிருந்த அனகின் ஸ்கைவாக்கர் டார்த் வேடராக மாறியபோதே அந்நல்லவன் அழிந்தான் என்றும், ஒரு நோக்கில் தாம் கூறியது உண்மையே என்றும் விளக்குகிறார். லூக் அதை எளிதில் ஏற்பதில்லை.

இவ்விளக்கம் சாக்குப்போக்கு எனக் குறைகூறப்படுவதுண்டு. ஆனால் கதையமைப்பில் அதன் செயல் கருதத்தக்கது. எழுத்தாளரின் திட்டமாற்றத்தால் நேர்ந்த முரண், இங்கு ஒரு பாத்திரத்தின் செயலாக மாற்றப்படுகிறது. மாறுகொளக் கூறியவர் கதையாசிரியர் என்னும் நிலை மாறி, மாறுகொளக் கூறியவர் ஓபி-வான் என்னும் நிலை பிறக்கிறது. ஓபி-வானின் பொய்க்கு நோக்கம் உண்டு, விளைவு உண்டு, அதற்காக அவர் வினவப்படுகிறார். தந்தையை அறியாத மகனைத் தந்தைக்கு எதிராகவே அனுப்பிய அறச்சிக்கலும் இதனால் தோன்றுகிறது. இறுதியில், ஆசான் கைவிட்ட தந்தையை மகன் கைவிட மறுப்பதே கதையின் முடிவை ஆக்குகிறது.

இத்திருத்தம் ஒட்டியதற்கு முதல் படத்திலேயே ஒரு நிலம் பண்படுத்தப்பட்டிருந்தது. தந்தையைப் பற்றி ஓவன் மறைத்ததை ஓபி-வான் திருத்துவதாகவே 1977ஆம் ஆண்டுக் கதை தொடங்குகிறது. பெரியோர் பிள்ளையின் நலங்கருதிக் குடும்ப உண்மையை மறைப்பர் என்பது அங்கு நிறுவப்பட்டுவிட்டது. அத்திருத்தத்திற்கும் திருத்தம் உண்டு எனக் கூறுவதே 1983ஆம் ஆண்டுப் படம் செய்தது.

லேயா லூக்கின் இரட்டைப் பிறவி என்னும் இரண்டாவது வெளிப்பாடு இத்தகு வலிமையுடையதன்று. 1980ஆம் ஆண்டுப் படத்தில், லூக்கைத் தவிர வேறொரு நம்பிக்கையும் உண்டு என யோடா குறிப்பிடுவதும், லூக்கின் உள்ளக்குரலை லேயா தொலைவிலிருந்து உணர்வதும் இவ்வுறவுக்கு ஏற்ற முன்குறிப்புகளாகப் பின்னர் அமைந்தன. ஆயினும் அதே படத்தில் லேயா லூக்கை முத்தமிடுகிறாள். 1978இல் வெளியான ஆலன் டீன் ஃபாஸ்டரின் ‘ஸ்பிளின்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ’ புதினமும் இருவரிடையே காதல் சாயலைக் காட்டியிருந்தது. அம்முத்தத்திற்கு எப்பாத்திரமும் பொறுப்பேற்க இயலாது. அறியாமையால் நேர்ந்தது என்று மட்டுமே கூறலாம். கதையும் அதைப் பின்னர் பேசாமல் கடந்து செல்கிறது.

4. ஒட்டாத இடம்: லேயாவின் நினைவு

முரணுக்குப் பொறுப்பேற்கும் பாத்திரம் இல்லாதபோது திருத்தம் எவ்வாறு தோற்கிறது என்பதற்குத் தாய் பற்றிய செய்தி சிறந்த சான்று. 1983ஆம் ஆண்டுப் படத்தில், தன் உண்மையான தாயை நினைவிருக்கிறதா என லூக் லேயாவிடம் கேட்கிறான். தான் மிகச் சிறியவளாக இருந்தபோது தாய் இறந்ததையும், அவளுடைய அழகையும் கனிவையும் துயரத்தையும் மங்கலாக நினைவுகூர்வதையும் லேயா கூறுகிறாள். தனக்கு நினைவேதும் இல்லை என்கிறான் லூக். தந்தையைப் பற்றி மட்டுமே பேசிய கதையில் தாய்க்கு இடம் கிடைத்த அரிய தருணம் அது.

‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’ (2005) படத்தில், பத்மே இரட்டையரை ஈன்றவுடன் உயிர் துறக்கிறாள். குழந்தைகள் உடனே பிரிக்கப்பட்டு, லேயா ஆல்டரான் கோளின் ஆர்கானா குடும்பத்திற்குத் தத்தளிக்கப்படுகிறாள். எனில் லேயாவின் நினைவு எதன் நினைவு? வளர்ப்புத் தாயை அவள் குறித்தாள் என்பார் கூற்று, ‘உண்மையான தாய்’ என லூக் தெளிவாக வினவியதால் நிற்பதில்லை. பிறக்கும்போதே அவள் அருள்நிலை உணர்வால் தாயை அறிந்தாள் எனின், உடன்பிறந்த லூக்கிற்கு அது வாய்க்காமைக்குக் காரணம் வேண்டும்.

இங்கு லேயா பொய் கூறவில்லை. அவளிடம் எவரும் பொய் கூறியதாகவும் படத்தில் இல்லை. முரண் கதையாசிரியரிடமே தங்கிவிடுகிறது. அதனால் நேரும் இழப்பு செய்திப்பிழை அளவில் நிற்பதன்று. தாயைப் பற்றி மகள் வைத்திருந்த ஒரே சான்று மதிப்பிழக்கிறது. தந்தையைக் குறித்த முரணுக்கு ஒரு முழுக்காட்சியே விளக்கமாக அமைய, தாயைக் குறித்த முரண் ஒரு சொல்லும் இன்றி விடப்பட்டமை, இத்தொடர் எவ்வுறவை மையமாகக் கொண்டது என்பதையும் காட்டுகிறது.

5. உறவுச்சொல்லின் நெகிழ்ச்சி

ஓவனின் உறவு மாற்றம் வேறு வகையானது. 1983ஆம் ஆண்டுப் படத்திற்கு ஜேம்ஸ் கான் எழுதிய புதின வடிவில், ஓவன் ஓபி-வானின் உடன்பிறந்தவர் எனக் கூறப்பட்டது. ‘அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்’ (2002) படத்திலோ, அனகினின் தாய் ஷ்மியை மணந்த கிளீக் லார்ஸின் முன்னைய மகனாக ஓவன் வருகிறார். அதாவது, அவர் அனகினுக்கு மாற்றுடன்பிறப்பு ஆகிறார். இவ்வளவு பெரிய மாற்றம் திரைப்படங்களுக்குள் முரணாகத் தோன்றாமைக்குக் காரணம், ‘அங்கிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் நெகிழ்ச்சி. தந்தையின் உடன்பிறந்தவர், தாயின் உடன்பிறந்தவர், அத்தை அல்லது சிற்றன்னையின் கணவர், உறவற்ற வளர்ப்பாளர் ஆகிய அனைவரையும் அச்சொல் தழுவும்.

தமிழில் இக்கதையை 1977இலேயே ஒருவர் பெயர்த்திருப்பின், பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என உடனே முடிவு செய்திருக்க வேண்டும். ‘மாமா’ எனப் பெயர்த்திருப்பின் 2002ஆம் ஆண்டுச் செய்தி மொழிபெயர்ப்பைப் பொய்யாக்கியிருக்கும். இரட்டையருள் மூத்தவர் யார் என்பதும் அத்தகையது. 1983இல் அது கூறப்படவில்லை. 2005ஆம் ஆண்டுப் படமே லூக் முதலில் பிறப்பதாகக் காட்டுகிறது. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் லேயாவைத் ‘தங்கை’ எனவோ ‘அக்கா’ எனவோ துணிந்து குறித்தல் இயலாது. ‘உடன்பிறந்தவள்’ என்பதே பாதுகாப்பான சொல். உறவுகளை நுணுக்கமாகப் பகுக்கும் மொழியில் பின்னோக்குத் திருத்தத்திற்கான இடைவெளி குறுகும் என்பதை இச்சான்றுகள் உணர்த்துகின்றன.

6. மூலபாடமே மாறும்போது

இதுவரை கண்டவை, பழைய பகுதியைத் தொடாமல் அதன் பொருளை மாற்றியவை. ‘ஸ்டார் வார்ஸ்’ தொடரில் பழைய பகுதியே திருத்தப்பட்டதும் உண்டு. 1981ஆம் ஆண்டு மறுவெளியீட்டில் முதல் படத்திற்கு ‘நான்காம் பகுதி’ என்னும் எண்ணும் ‘எ நியூ ஹோப்’ என்னும் துணைத்தலைப்பும் சேர்க்கப்பட்டன. 1997ஆம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பிலும் 2004ஆம் ஆண்டுக் குறுவட்டுப் பதிப்பிலும் காட்சிகள் மாற்றப்பட்டன.

2004ஆம் ஆண்டு மாற்றங்களுள் இரண்டு உறவு தொடர்பானவை. 1980ஆம் ஆண்டுப் படத்தில் பேரரசன் டார்த் வேடருடன் பேசும் காட்சி புதிதாகப் படமாக்கப்பட்டு, லூக் அனகினின் மகன் என்பதை அவன் அறிவிப்பதாகவும், அது எவ்வாறு இயலும் என டார்த் வேடர் வினவுவதாகவும் அமைக்கப்பட்டது. பிறந்த குழந்தைகளைப் பற்றித் தந்தை அறியான் என்னும் பிற்கால முன்கதையோடு இது பொருந்துகிறது. ஆனால் ஸ்கைவாக்கர் என்னும் இளைஞனை டார்த் வேடர் வெறியோடு தேடுகிறான் என்றே அப்படத்தின் முகப்புரை கூறுகிறது. ஒரு முரண் தீர மற்றொன்று பிறந்தது.

இரண்டாவது மாற்றம் 1983ஆம் ஆண்டுப் படத்தின் இறுதிக்காட்சி. ஆவியுருவாகத் தோன்றும் அனகினாக முதலில் மூத்த நடிகர் செபாஸ்டியன் ஷா நின்றார். 2004இல் அவரிடத்தில், முன்கதைப் படங்களில் இளம் அனகினாக நடித்த ஹேடன் கிறிஸ்டென்சன் இடம்பெற்றார். தந்தையின் முகக்கவசத்தை அகற்றி லூக் கண்டது முதிய முகம். புதிய பதிப்பில் அவன்முன் புன்னகைப்பது அவன் ஒருபோதும் காணாத இளமுகம். தொடரின் புறத்தொடர்ச்சி காக்கப்பட்டது. தந்தையும் மகனும் ஒருவரையொருவர் கண்டறிந்த அகத்தொடர்ச்சி தளர்ந்தது. 2006இல் பழைய திரையரங்க வடிவங்கள் குறுவட்டின் கூடுதல் இணைப்பாக வெளிவந்தமையால் இவ்வேறுபாடுகளைப் பாடபேதங்களாக ஒப்புநோக்க இயல்கிறது.

7. நீக்கப்பட்ட குடும்பம்

1991இல் டிமத்தி ஜானின் ‘ஏர் டு தி எம்பயர்’ புதினம் வெளிவந்தபின், திரைப்படங்களுக்குப் பிந்தைய காலத்தைப் பேசும் புதினங்கள் பெருகின. ஹான் சோலோ, லேயா இணையருக்கு ஜேசன், ஜைனா என்னும் இரட்டையரும் அனகின் என்னும் இளைய மகனும் பிறந்தனர். லூக் மாரா ஜேடை மணந்தான். அவர்கள் மகன் பெயர் பென். இக்குடும்பத்தை வாசகர் இருபதாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தனர்.

2012இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தை டிஸ்னி வாங்கியது. 2014 ஏப்ரல் 25 அன்று, அப்புதினங்கள் இனி ‘லெஜண்ட்ஸ்’ என்னும் தனிப்பெயரில் வழங்கும் என்றும், முதன்மைக் கதையோடு பிணைப்பற்றவை என்றும் அறிவிக்கப்பட்டது. இது விளக்கத்தால் முரணைக் களைதல் அன்று; ஒரு முழுத் தலைமுறையையே கதைக்கு வெளியே நிறுத்துதல்.

எனினும் நீக்கப்பட்டது முற்றும் மறையவில்லை. ‘தி ஃபோர்ஸ் அவேகன்ஸ்’ (2015) படத்தில் ஹான், லேயா இணையரின் ஒரே மகன் பென் சோலோ. முன்பு லூக்கின் மகனுக்குரிய பெயர் அவனுக்கு வந்தது; முன்பு ஜேசனுக்குரிய வீழ்ச்சியும் அவனுக்கே வந்தது. உறவுகள் துண்டிக்கப்பட்டன, பெயர்களும் நிகழ்ச்சிக் கூறுகளும் இடம்பெயர்ந்து வாழ்ந்தன. வாய்மொழிக் கதைகளை ஒப்பிடுவோர்க்கு இவ்வியல்பு புதிதன்று.

8. ரே: குருதியும் பெயரும்

இறுதி மூன்று படங்களில் ரே என்னும் பெண்ணின் பெற்றோர் யார் என்பது மைய வினா. ‘தி லாஸ்ட் ஜெடை’ (2017) அவர்கள் பெயரற்ற எளியோர் என்றும், மகளை விற்றுச் சென்றவர் என்றும் கைலோ ரென் வாயிலாகக் கூறியது. ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ (2019) அவளைப் பேரரசன் பால்பட்டீனின் பேத்தி ஆக்கியது. அவளைக் காக்கவே பெற்றோர் எளியோராக மறைந்து வாழ்ந்தனர் என்று விளக்கியது.

வடிவத்தில் இது 1983ஆம் ஆண்டு உத்தியே. முரண், பெற்றோரின் மறைப்பாகவும் கைலோவின் அரைகுறை உண்மையாகவும் பாத்திரங்கள் மேல் ஏற்றப்படுகிறது. ஆயினும் பயன் வேறு. ஓபி-வானின் பொய் வெளிப்பட்டபோது லூக்கின் சுமை கூடியது. ரேயின் பெற்றோர் பற்றிய செய்தி மாறியபோது, கைவிடப்பட்டவள் என்னும் துயரம் நீங்கி, காக்கப்பட்டவள் என்னும் ஆறுதல் கிடைக்கிறது. எளியோர் மகளும் வீரராகலாம் என்னும் 2017ஆம் ஆண்டுக் கருத்து பின்னிடுகிறது. அதே படத்தின் முடிவில் ரே தன்னை ஸ்கைவாக்கர் எனச் சொல்லிக்கொள்வது அதற்கு ஓரளவு ஈடாகிறது. தந்தை வழியாக வந்த பெயர், இறுதியில் குருதித் தொடர்பற்ற ஒருத்தி விரும்பி ஏற்கும் பெயராகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவது, ‘ஸ்டார் வார்ஸ்’ தொடரில் குடும்ப உறவு முன்பே நிலைபெற்ற செய்தியாக அமையாமல், கதையை நீட்டவும் முரண்களை இணைக்கவும் பயன்பட்ட கருவியாக அமைந்தது. இரண்டாவது, முரணைப் பாத்திரம் ஒன்றின் நோக்கமுள்ள செயலாக மாற்றுதல் திருத்தம் ஒட்டுதற்கு அடிப்படை. அவ்வாறு இயலாதபோது அது மாறுகொளக் கூறலாகவே எஞ்சுகிறது. ஓபி-வானின் பொய்யும் லேயாவின் நினைவும் இதன் இரு எல்லைகள். மூன்றாவது, அவ்வடிப்படை மட்டும் போதாது. வெளிப்பட்ட உண்மை பாத்திரத்தின் மேல் புதிய கடமையை ஏற்றும்போதே திருத்தம் ஆழம் பெறுகிறது என்பதை லூக், ரே ஒப்பீடு காட்டுகிறது. நான்காவது, மொழியின் உறவுச்சொற்கள் இத்திருத்தங்களுக்கான எல்லையை வகுக்கின்றன.

தொடர்கதை ஆய்வில் உறவுகளுக்கும் ஆண்டு குறித்தல் இன்றியமையாதது. ‘லூக்கின் தந்தை டார்த் வேடர்’ என்னும் கூற்று 1980க்குப் பின்னரே உண்மை. 1977ஆம் ஆண்டுப் படத்தை அதனைக் கொண்டு மட்டும் விளக்குதல், பிற்கால உரையை மூலபாடமாகக் கொள்வதை ஒக்கும். எந்த ஆண்டின் எந்த வடிவம் எனச் சுட்டியே இத்தகைய தொடர்களின் உறவுமுறைகளை ஆராய்தல் வேண்டும்.